கத்திரிக்காயின் ஒரு மூலை

இரண்டு ஆள் தூக்கவேண்டிய இரும்புப் பீரோவை முதுகில் பெல்ட் கட்டி, ஒற்றை ஆளாக நான்கு மாடி இறக்கியவன் நான். நாய் கட்டியிருக்கும் வீட்டுக்குள் முதலில் போ என்றால் போவேன். ஐம்பத்தோரு வயதில் எனக்குப் பயம் என்று ஒன்று இருந்தது என்றால் அது கத்திரிக்காய்தான்.

கத்திரிக்காய் மட்டும் என்று சொன்னால் அது பொய். வெள்ளையாக இல்லாத எதுவும் எனக்கு ஆகாது. சோறு, பால், தயிர், ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டையில் வெள்ளை. அவ்வளவுதான் என் சாப்பாடு. மஞ்சள் கருவை மனைவி பக்கம் தள்ளிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் இரண்டு கரு சாப்பிடுகிறாள். குழம்பு என்றால் அடி தெரியாது. அடி தெரியாத இடத்தில் காலை வைக்காதே என்பார்கள், நான் வாயையும் வைப்பதில்லை. கத்திரிக்காயிலோ உள்ளே விதை, விதையைச் சுற்றி வழவழப்பு, அதற்கு மேல் ஒரு தோல். நாக்கில் பட்டால் ஏதோ உயிரோடு நகர்கிற மாதிரி இருக்கும். சின்ன வயதில் என்ன நடந்தது என்று துருவுகிறவர்கள் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதும் இப்படித்தான் இருந்தேன்.

ஒரு வீட்டுச் சாமான்களை இன்னொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. நாலு பேர் சேர்ந்த கூட்டு. எங்களுக்குத் தலை மேஸ்திரி. ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று இருப்பவன் ஒட்டடை. அவனுக்குக் கொடுத்த உயரத்தை இன்னொருவனிடம் பிடித்துக்கொண்டதால் அந்த இன்னொருவன் கட்டை. நாலாவது நான். என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்த முதல் நாளே கட்டை எனக்கு வெள்ளைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டான். வெயிலில் வெந்த என் நிறத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு இரண்டு தடவை சிரிப்பார்கள்.

இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். என் மகள் காதலித்தாள்.

அவள் துணி தைக்கிற கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். பையன் கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன். இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். வாசலில் என் மனைவியின் செருப்பு வார் அறுந்து கிடந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமலே தைத்து வைத்துவிட்டுப் போனான். எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. மிச்சம் இருந்தது அவன் அம்மா.

அந்த அம்மா ஒரு தொழிற்சாலையில் கேண்டீன் நடத்துகிறவர். ஒரு நாளைக்கு முந்நூறு தட்டு. சமைத்துப் போட்டதும் உட்காரமாட்டாராம். சாப்பிட்ட தட்டைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலில் போய் நின்று, எவன் எதை மிச்சம் வைத்திருக்கிறான் என்று ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பாராம்.

ஒரு நாள் நான் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தபோது மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்கம்மா ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. இந்த ஞாயிறு இல்ல, மூணு வாரம் தள்ளி."

"போயிட்டு வாம்மா."

"உங்களத்தான்பா கூப்பிட்டிருக்காங்க. எல்லாரையும்."

"என்ன சமைப்பாங்களாம்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"கத்திரிக்காய்," என்றாள் மகள். "அவங்க கைக்கு அதுதான் பேராம். அவருக்குன்னா அது உயிராம். தட்டுல விழுந்ததும் முதல்ல அதைத்தான் முடிப்பாராம். முடிச்சதும் அவங்கம்மா இன்னொரு கரண்டி வப்பாங்களாம்."

"நான் ரொட்டி கொண்டுபோறேன். பையில வச்சுக்கிறேன்."

"அப்பா, போன வருஷம் ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருந்தாங்களாம். அந்தப் பொண்ணோட அப்பா பாதித் தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்துட்டாராம். 'என் சோத்தை மதிக்காதவங்க என் புள்ளைய எங்க மதிக்கப் போறாங்க'ன்னு சொல்லி அன்னிக்கோட பேச்சை முடிச்சிட்டாங்க."

நான் ரொட்டியைப் பாலிலேயே விட்டுவிட்டேன்.

"எனக்காக ஒரே ஒரு வேளைப்பா," என்றாள்.

அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் இல்லை என் மகள். வேலைக்குப் போய்த் தீபாவளித் துணியைக்கூடத் தானே எடுத்துக்கொண்டவள். இருபத்து நாலு வருஷத்தில் வாய் திறந்து என்னிடம் அவள் கேட்டதே ஒரு கரண்டி கத்திரிக்காய். அதைச் சாப்பிடத் துப்பில்லாத அப்பன் நான்.

முதல் வாரத்தை அவளே கையில் எடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் மகள் அதனால் உருளைக்கிழங்கில் மறைத்துப் பார்த்தாள். வெளுத்த பூசணியாகத் தேடிப் பிடித்து, அரைத்து, மசித்த கிழங்கோடு பிசைந்து, மேலே பாலை ஊற்றி, முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு பரிமாறினாள். இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு நாள் நான் உருளைக்கிழங்கையும் தொடவில்லை. இருந்ததே ஆறு பண்டம். நம்பிக்கை போய் அஞ்சாகிவிட்டது.

இரண்டாவது வாரம் விஷயம் கூட்டாளிகளுக்குத் தெரிந்தது. மத்தியானம் லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கட்டை தன் டப்பாவிலிருந்து ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராக ஆட்டினான்.

"புலி பசிச்சாலும் புல்லைத் திங்காதும்பாங்க. நீ என்னடா, புலியும் இல்ல, புல்லும் திங்கமாட்டேங்கிற."

"விடு கட்டை," என்றார் மேஸ்திரி.

"நம்ம புள்ள கல்யாணம் மேஸ்திரி. மூக்கைப் பிடிச்சா வாய் தானா தொறக்கும். மருந்து மாதிரி போட்டுரலாம். ஒட்டடை, கையைப் பிடி."

ஒட்டடை கையைப் பிடித்தான். கட்டை மூக்கைப் பிடித்தான். வாய் திறந்தது உண்மைதான். மூடியதும் உண்மை. உள்ளே மாட்டியது கத்திரிக்காய் இல்லை, கட்டையின் ஆள்காட்டி விரல். நாலு நாளைக்குப் பீரோ தூக்கும்போதெல்லாம் அந்த விரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கு வழி காட்டுவதுபோல நடந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். எதையும் நாலாக மடித்துவிட்டுத்தான் பேசுவாள். அப்போது என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க முன்னப்பின்ன பார்க்காத சாமான் ஒண்ணு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன சாமான்?"

"ஏதோ ஒண்ணு. அன்னிக்கி ஒரு பியானோ வந்துச்சுன்னு சொன்னீங்களே."

"எடுத்தவுடனே தூக்கமாட்டோம். சுத்தி வந்து பாப்போம். தட்டிப் பாப்போம், சத்தம் எங்க கனமா இருக்குன்னு. அப்புறம் ஒரு மூலைய மட்டும் ஒரு விரக்கடை தூக்கிட்டுக் கீழ வச்சிருவோம்."

"வச்சிட்டு?"

"மறுபடி தூக்குவோம். கொஞ்சம் கூடுதலா."

"பக்கத்துல நின்னு யாராச்சும் 'தூக்கு, தூக்கு'ன்னு கத்துவாங்களா?"

"கத்துனா மேஸ்திரி அறைவாரு. சுமைக்குக் கீழ இருக்கறவன்கிட்ட யாரும் பேசக்கூடாது."

"முடியலேன்னா?"

"ரெண்டு தட்டு. மூச்சைப் பிடிச்சிருக்கும்போது பேச்சு வராதுல்ல. விரல் முட்டியால சாமான் மேல டொக், டொக்குனு ரெண்டு. தட்டுனது யாரா இருந்தாலும் அந்த நொடியே எல்லாரும் அப்படியே கீழ வச்சிரணும். ஏன்னு கேக்கக்கூடாது. வச்ச அப்புறமும் கேக்கக்கூடாது."

"அப்புறம் கேட்டா என்ன?"

"கேட்டா அடுத்த தடவை தட்ட வெக்கப்படுவான். வெக்கப்பட்டவனுக்குக் கால் போயிரும்."

அவள் சட்டையை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னிலேர்ந்து இந்த வீட்டுலயும் அதான் சட்டம். உங்கப்பா சாப்பிடும்போது நீ மூச்சுவிடக்கூடாது. அவர் மேசையில ரெண்டு தட்டினா எடுத்துரணும். ஏன்னு கேட்டே, அடுத்த வாரம் முழுக்க நீதான் பாத்திரம் கழுவணும்."

அன்றைக்கே ஆரம்பித்தோம். என் தட்டில் வழக்கம்போல வெள்ளைச் சாப்பாடு. பக்கத்தில், டீ கிளாஸ் வைக்கிற சின்னத் தட்டில், நகத்தளவு கேரட். மறைக்கவில்லை, அரைக்கவில்லை. கேரட் கேரட்டாகவே இருந்தது. நான் அதைச் சுற்றிவந்து பார்த்தேன், அதாவது தட்டைச் சுற்றினேன். டொக், டொக். மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் மோந்து பார்த்தேன். அதற்கு மறுநாள் விரலால் தட்டினேன். நல்ல கெட்டிச் சத்தம். நம்பலாம்போல இருந்தது. கடித்தேன். கேரட் என்பது கடிபடுகிற பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயில் இருந்தாலும் எந்நேரமும் துப்பலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் துப்பத் தோன்றவில்லை. மகள் எதிரில் உட்கார்ந்து இஞ்ச் டேப்பை இழுப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். பேச்சை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பீன்ஸ் இரண்டு நாளில் உள்ளே போனது. பூசணிக்காய், மகள் மறைத்து வைத்தபோது வேண்டாத அதே பூசணிக்காய், நேருக்கு நேராக வந்து உட்கார்ந்ததும் அவ்வளவு மோசமாக இல்லை. ஒரு காலை மஞ்சள் கருவைச் சாப்பிட்டேன். மனைவி கை தட்டுவாள் என்று பார்த்தேன்.

"இருவத்தாறு வருஷமா அது என் பங்கு," என்றாள்.

சட்டம் கையில் இருந்தால் மனிதன் சும்மா இருப்பானா. சாப்பாட்டுக்கு மட்டும் என்று இருந்ததை நான் மெதுவாக மற்றதற்கும் நீட்டினேன். மனைவி மளிகைச் சீட்டைப் படித்தால் டொக், டொக். செருப்பை வாசலில் விடச் சொன்னால் டொக், டொக். அவளும் சட்டம் தெரிந்தவள். ஒருநாள் மேஸ்திரி வீட்டுக் கதையை நான் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்து என் மண்டையிலேயே இரண்டு தட்டினாள். ஏன் என்று கேட்க முடியவில்லை.

கத்திரிக்காய் மட்டும் மசியவில்லை. பதினோரு தடவை வந்தது, பதினோரு தடவையும் தட்டினேன். பன்னிரண்டாவது தடவை, வெள்ளிக்கிழமை, நுனி நாக்கை அதன் மேல் வைத்து எடுத்தேன். மூலையைத் தூக்கியாயிற்று. ஆனால் ஒரு விரக்கடைதான். ஞாயிற்றுக்கிழமை முழுப் பியானோ.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெண் வீட்டுப் பக்கம் ஆள் வேண்டாமா என்று மேஸ்திரி, ஒட்டடை, கட்டை மூவரும் கிளம்பி வந்தார்கள். மேஸ்திரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அவரைச் சுத்தமாகப் பார்த்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது மாடியில் வீடு. கூடம் ஒன்று, அதையொட்டி ஓர் அறை, அதற்குப் பின்னால் இரண்டு பேர் உரசாமல் நிற்க முடியாத சமையலறை. கேண்டீன்காரம்மா நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தார். குரல் மட்டும் முந்நூறு பேருக்கானது.

"வாங்கண்ணே, வாங்கம்மா. கைய கழுவிட்டு உக்காருங்க. பேச்செல்லாம் அப்புறம்."

சமைத்ததெல்லாம் உள்ளறையில் ஒரு பெரிய மேசையில் பரப்பியிருந்தது. காற்று வருவது கூடத்தில். அவர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுக்கப் போனார். கட்டைக்கு அது பொறுக்கவில்லை.

"அம்மா, நாங்க எதுக்கு இருக்கோம். நீங்க விடுங்க. மேசையோடவே தூக்கிட்டு வந்துருவோம்."

"பாத்திரத்தோடவா?"

"குழம்பு அலைகூட அடிக்காது."

இது பீற்றல் இல்லை. நாங்கள் நால்வரும் மீன் தொட்டியைத் தண்ணீரோடு, மீனோடு மாற்றியிருக்கிறோம். நானும் பழக்கத்தில் எழுந்தேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நீங்க பொண்ணோட அப்பா. உக்காருங்க. அவன் பிடிப்பான்."

அவன் என்றால் மாப்பிள்ளை. நாலாவது மூலைக்கு அவன் போனான். கூடத்தில் ஒரு சின்ன மேசை முன்னால் நானும் மனைவியும் மகளும் உட்கார்ந்தோம். கேண்டீன்காரம்மா கத்திரிக்காய் இருந்த பாத்திரத்தை மட்டும் தன் இடுப்பில் தாங்கிக்கொண்டு, கரண்டியோடு நேராக என்னிடம் வந்தார். மற்றவர்களுக்கு இன்னும் சோறே விழவில்லை.

ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. எண்ணெய் மினுமினுக்க, விதை தெரிய, தோல் ஒரு பக்கம் மடங்கி, அது என் தட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"சாப்பிடுங்கண்ணே."

சுற்றிவந்து பார்க்க நேரமில்லை.

"சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க. எதைப் பாக்குறீங்க? சாப்பிடுங்க. வாயில வச்சிட்டு அப்புறம் சொல்லுங்க. சாப்பிடுங்க."

சுமைக்குக் கீழே இருக்கிறவனிடம் பேசக்கூடாது என்று அவருக்கு யார் சொல்வது. எனக்கு மூச்சு நின்றது. கை என்னைக் கேட்காமல் எழுந்து, விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டியது.

டொக், டொக்.

அந்த நேரம் பெரிய மேசை அறைவாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தம் காதில் விழுந்த அந்த நொடியே மேஸ்திரி, ஒட்டடை, கட்டை மூன்று பேரும் ஏன் என்று கேட்காமல் அப்படியே கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை கடைசல் பட்டறைக்காரன். அவனுக்கு என்ன தெரியும். தன் மூலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

மூன்று மூலை இறங்கிவிட்டது, ஒரு மூலை மட்டும் உயரத்தில். மேசை மேல் இருந்தவையெல்லாம் ஒரு கணம் யோசித்தன. பிறகு எல்லாம் ஒரே மனதாக எதிர்மூலைக்குப் புறப்பட்டன. எதிர்மூலையில் மேஸ்திரி. தக்காளிக் குழம்பு முதலில் போய்ச் சேர்ந்தது. கீரை பின்னாலேயே போனது. சோற்றுப் பானையை ஒட்டடை பாய்ந்து மார்போடு அணைத்துக்கொண்டான். கட்டை கையில் கிடைத்ததைப் பிடித்தான். அது தண்ணீர்ச் சொம்பின் மூடி.

மேஸ்திரியின் சட்டையிலிருந்து தக்காளி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு தட்டுனது?" என்றார் கேண்டீன்காரம்மா.

"கேக்கக்கூடாதும்மா," என்றார் மேஸ்திரி.

"என்னது?"

"யார் தட்டுனா, ஏன் தட்டுனான்னு கேக்கக்கூடாது. எங்க வேலையில சட்டம்."

"இது என் வீடு."

"அதுவும் சரிதான்," என்று மேஸ்திரி மூக்கிலிருந்து கீரையை எடுத்தார்.

நான் மகளைப் பார்த்தேன். இஞ்ச் டேப் முழுக்க வெளியே வந்து மடியில் குவிந்து கிடந்தது. இழுக்க இனி ஒன்றும் இல்லை. போன வருஷம் பாதித் தட்டோடு எழுந்துபோன அந்த மனிதரும் இப்படித் தன் மகளைப் பார்த்திருப்பாரோ என்று தோன்றியது.

"நான்தாங்க தட்டினேன்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வெள்ளைப் பண்டம், பூசணிக்காய், கட்டையின் விரல், பியானோ, பன்னிரண்டு கத்திரிக்காய். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது.

"அம்பத்தோரு வயசுல?"

"ஆமாங்க."

"என் கத்திரிக்காயைப் பாத்தா?"

"உங்களுதுன்னு இல்லைங்க. எல்லாக் கத்திரிக்காயையும்."

"கத்திரிக்காய் முத்துனா கடைக்கு வந்துதானேம்மா ஆகணும்," என்றான் கட்டை. மேஸ்திரி அவன் காலை மிதித்தார்.

கேண்டீன்காரம்மா என் முன்னால் இருந்த தட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். என் மனைவி மடியில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் மகளின் கல்யாணத்தைத் தட்டோடு உள்ளே கொண்டுபோய்விட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் டீ கிளாஸ் வைக்கிற சின்னத் தட்டு இருந்தது. நடுவில் நகத்தளவு கத்திரிக்காய். அதை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"முந்நூறு தட்டு பாக்கறேன் தினமும்," என்றார் என் மனைவியிடம். "மிச்சம் வச்சவன் எல்லாம் திமிர் பிடிச்சவன்னுதான் இத்தனை நாளா திட்டிட்டிருக்கேன். பயந்தவனும் இருப்பான்னு தோணவே இல்ல." பிறகு, "எவ்வளவு நேரம் பேசாம இருக்கணும்?" என்று கேட்டார்.

"அவர் முடிக்கிற வரைக்கும்."

"பாக்கலாமா?"

"பாக்கலாம். சொல்லக்கூடாது."

அந்த அம்மா ஒரு கையால் தன் வாயை மூடிக்கொண்டார். நான் தட்டைச் சுற்றினேன். மோந்து பார்த்தேன். விரலால் தொட்டேன். அவருடைய உள்ளங்கைக்குள் 'சாப்' என்று ஒரு சத்தம் எழுந்து, அங்கேயே அமுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. சுமை தூக்குவது நான்தானா, அவரா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. பாவமாக இருந்தது. வாயில் வைத்தேன்.

நன்றாக இருந்தது என்று எழுதினால் கட்டை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரிப்பான். நன்றாக இல்லை. உப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது, லேசாகக் கருகிய வாசனை இருந்தது. ஆனால் நகரவில்லை. நான் மென்றதும் அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது.

மகளின் மடியிலிருந்து இஞ்ச் டேப் சரசரவென்று சுருண்டது.

கேண்டீன்காரம்மா கையை வாயிலிருந்து எடுத்தார். "எப்படி இருக்குன்னு..." என்று ஆரம்பித்து, மேஸ்திரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. கேக்கல."

அதற்குப் பிறகு தரையைத் துடைத்தோம். சோறு தப்பியிருந்தது, கத்திரிக்காய் தப்பியிருந்தது. இருந்ததை வைத்துப் பந்தியைத் தொடங்கினார்கள். மேஸ்திரி மாப்பிள்ளையின் சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தான் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மகன் தட்டில் முதல் கரண்டி கத்திரிக்காயை வைத்தார். அவன் வழக்கம்போல அதைத்தான் முதலில் எடுத்தான். இரண்டே வாய். மெல்லவில்லை. உடனே ஒரு கிளாஸ் தண்ணீர். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தை எனக்குத் தெரியாதா. பிடிக்காததை முதலில் ஒழித்துவிட்டால் மிச்சச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடலாம். பாவி, அதை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான். அதனால்தான் காலிடத்தைப் பார்த்ததும் அவன் அம்மா பூரித்துப்போய் இரண்டாவது கரண்டியை வைத்தார்.

மாப்பிள்ளை அந்தக் கத்திரிக்காயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான்.

டொக், டொக்.

ஒட்டடை கையில் இருந்த சோற்றுப் பானையைச் சட்டென்று தரையில் வைத்தான்.

"என்னடா?" என்றார் கேண்டீன்காரம்மா.

"கேக்கக்கூடாதும்மா," என்றோம் நாங்கள் நாலு பேரும்.

அவர் மகனின் தட்டைப் பார்த்தார். காலியான தண்ணீர் கிளாஸைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். உதடு மட்டும் எதையோ கூட்டிக் கூட்டிப் பார்த்தது. பிறகு கரண்டியை நீட்டி, வைத்ததை வைத்த இடத்திலிருந்து சுத்தமாக வழித்து எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முதல் நாளே எங்கள் சட்டத்தை இவ்வளவு நன்றாக யாரும் பழகியதில்லை.

ஒரு நிமிஷம் எல்லோரும் சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிட்டோம்.

"கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?" என்று அவர் என் மனைவியைக் கேட்டார். "சமையல் நான்தான். கத்திரிக்காய் மட்டும் வேண்டாம், விட்டுரலாம்."

"வைங்க," என்றேன் நான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஓரமா. நகத்தளவு."

மாப்பிள்ளை என்னை முறைத்தான். மாமனாரை முறைக்கிற வயது வந்துவிட்டது அவனுக்கு.

கேண்டீன்காரம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயைப் பாதியில் நிறுத்தினார். இனி முடியாது என்பதுபோல மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்னு கேக்கமாட்டேன். எத்தனை வருஷமான்னு மட்டும் சொல்லிருடா."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்த என் மகள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசையில் இரண்டு தட்டினாள்.